முதலீட்டாளரையும் புத்தொழிலையும் சேர்த்துவைக்கும் டைரக்டரி: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தரகு செய்பவருக்கு, எந்தத் தோப்பில் இந்த மாதம் காய் இறக்குகிறார்கள், எந்த வியாபாரி இளநீர் மட்டும் எடுப்பார், யாருக்குக் கொப்பரை வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் நிறையப் பேரைத் தெரியும் என்பதற்காக மட்டும் அவருக்கு நல்ல பெயர் கிடைத்துவிடவில்லை. கொப்பரைக்காரரை இளநீர் வியாபாரியிடம் கூட்டிக்கொண்டு போய் இருவரின் பொழுதையும் கெடுக்கமாட்டார் என்பதற்காகத்தான் அவரைத் தேடி வருகிறார்கள்.

புதிதாகத் தொடங்கிய தொழில் நிறுவனங்களையும் அவற்றில் பணம் போட விரும்புவோரையும் சேர்த்துவைக்கும் இணைய டைரக்டரிக்கும் வேலை இதுதான். அதை உருவாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பெயர்களைக் குவிப்பதில் இறங்கிவிடுகிறார்கள். ஆயிரம் நிறுவனங்கள், ஐந்நூறு முதலீட்டாளர்கள் என்று முகப்பில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ள அது உதவும். பயன்படுத்துபவருக்கு வேண்டியது வேறு. இவர் எனக்கு ஒத்துவரமாட்டார் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட வேண்டும். ஒரு முதலீட்டாளர் தன்னிடம் வரும் தொழில்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார். மூன்று மாதம் அலையவிட்டுச் சொல்வதை முதலிலேயே சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் லாபம்.

ஆகவே பதிவுப் படிவத்தில் ஒவ்வொரு கேள்வியையும் சேர்க்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு வரும் பதிலைப் பார்த்து யாராவது ‘வேண்டாம்’ என்று முடிவெடுப்பார்களா? மாட்டார்கள் என்றால் அந்தக் கேள்வி படிவத்தில் இருக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் கனவு, தொலைநோக்கு, சமூகத்துக்கு அது தரப்போகும் மாற்றம் ஆகியவற்றுக்குப் பெரிய பெரிய பெட்டிகள் வைக்கிறார்களே, அவற்றை நான் தயங்காமல் தூக்கிவிடுவேன். எல்லோரும் ஒரே மாதிரி எழுதப்போகும் பத்தியை வைத்து யாரையும் பிரித்துப்பார்க்க முடியாது.

பணம் ஒன்றல்ல, பல வகை

முதலீட்டாளர் என்ற ஒரே தலைப்பின் கீழ் எல்லோரையும் போட்டுவிடுவது தொடக்கநிலைக் குழப்பம். ஏஞ்சல் முதலீட்டாளர் என்பவர் தன் சொந்தப் பணத்தைப் போடும் தனிநபர். கோவையில் பம்ப், பஞ்சாலை, நகைத் தொழில்களில் சம்பாதித்துவிட்டு இளையவர்களின் தொழிலில் சில லட்சங்கள் போடத் தயாராக இருப்பவர்கள் இந்த வகை. வென்ச்சர் கேபிடல் நிதி என்பது பலரிடம் திரட்டிய பணத்தை முதலீடு செய்யும் அமைப்பு. இந்தியாவில் இத்தகைய நிதிகள், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2012-ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகளின்படி பதிவு செய்துகொள்கின்றன. மூன்றாவது, அரசின் மானியமும், தொழிலின் தொடக்கக் கட்டத்துக்குத் தரும் விதை நிதியும். மானியம் கொடுப்பவர் பங்கு கேட்கமாட்டார், ஏஞ்சல் கேட்பார். கடன் கொடுப்பவர் வட்டி கேட்பார். தொழில் தொடங்கியவருக்கு இவற்றில் எது வேண்டும் என்பது முதல் வடிகட்டி.

அடுத்த வடிகட்டி சட்ட வடிவம். இதை எத்தனையோ படிவங்களில் கடைசியில் வைத்திருப்பார்கள். நான் முதல் பக்கத்தில் வைப்பேன். தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் நல்ல தொழில்கள் பல தனியுரிமைத் தொழிலாகவே நடக்கின்றன. ஒருவர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு, ஒரு நடப்புக் கணக்கு, அவ்வளவுதான். அந்தத் தொழிலில் விற்பதற்குப் பங்கு என்று ஒன்றே கிடையாது. முதலீட்டாளர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அது பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக மாறும் வரை பங்கு வாங்க முடியாது. 2016 ஜனவரி 16-இல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தின் அங்கீகாரமும் பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை ஆகியவற்றுக்குக் கிடைத்தது. தனியுரிமைத் தொழிலுக்குக் கிடைக்கவில்லை. டைரக்டரி இந்த விவரத்தை முதலிலேயே கேட்டால், தொழில் நடத்துபவருக்கே தான் அடுத்துப் பார்க்க வேண்டியவர் முதலீட்டாளரா ஆடிட்டரா என்பது புரிந்துவிடும்.

நிறுவனம் தொடங்கிய தேதியும் முக்கியம். மத்திய அரசு 2021-இல் 945 கோடி ரூபாயில் அறிவித்த விதை நிதித் திட்டத்தில், விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. தயாரிப்பின் மாதிரியைச் சோதித்துப்பார்க்க 20 லட்சம் வரை மானியம் கிடைக்கும் என்று கேட்டு ஓடிவருபவரின் நிறுவனத்துக்கு மூன்று வயது என்றால், அதைத் தேதியை வைத்தே டைரக்டரி சொல்லிவிட முடியும்.

தொகை: எளிதாகத் தோன்றும் இடம்

ஒரு நிறுவனத்துக்கு 40 லட்சம் ரூபாய் வேண்டும். ஒரு முதலீட்டாளர் ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை போடுவார். இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடும் டைரக்டரி, பொருத்தம் இல்லை என்று சொல்லிவிடும். நடைமுறையில் நடப்பது வேறு. ஏஞ்சல்கள் தனித்தனியாக முழுத் தொகையையும் போடுவதில்லை. ஐந்து பேர் ஆளுக்கு எட்டு லட்சம் போட்டு 40 லட்சத்தை நிரப்புவார்கள். ஆகவே முதலீட்டாளர் ஒருவர் போடும் தொகையும் நிறுவனம் திரட்ட நினைக்கும் மொத்தத் தொகையும் வெவ்வேறு விவரங்கள். இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டாலும் போதாது. அந்த ஐந்து பேரில் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். கணக்குகளைச் சரிபார்ப்பது, நிறுவனத்தின் மதிப்பைப் பேசி முடிப்பது, வக்கீலிடம் ஒப்பந்தம் எழுதச் சொல்வது எல்லாம் அவர் தலையில் விழும். மற்ற நால்வரும் அவரைப் பின்தொடர்வார்கள். முன்னால் நிற்க யாரும் இல்லாமல் பின்தொடர்பவர்களாகவே பத்துப் பேர் சிக்கினாலும் ஒரு ரூபாய்கூட வந்து சேராது. எல்லோரும் ‘வேறு யார் போடுகிறார்கள்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ‘நீங்கள் முன்னின்று நடத்துவீர்களா, மற்றவர்களோடு சேர்ந்து மட்டும் போடுவீர்களா?’ என்ற ஒற்றைக் கேள்வியை முதலீட்டாளர் படிவத்தில் வைத்தால் தொழில் தொடங்கியவருக்கு யாரை முதலில் பார்ப்பது என்ற வரிசை கிடைத்துவிடும். என் கணிப்பில் ஒரு டைரக்டரியில் மிகவும் மதிப்புள்ள விவரம் இதுதான். வெறும் ஆம், இல்லை என்ற பதில். இருந்தும் இதைக் கேட்பவர்கள் குறைவு.

சேமிக்கும் முறையில் ஒரு எச்சரிக்கை. தொகையைப் படிவத்தில் எழுத்தாக எழுத விட்டுவிட்டால் ஒருவர் ‘40 லட்சம்’ என்பார், இன்னொருவர் ‘0.4 கோடி’ என்பார், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் டாலரில் எழுதுவார். உள்ளே எல்லாவற்றையும் ரூபாயில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் லட்சம், கோடி என்று மாற்றிக் காட்டுவதே சரி.

தரவுத்தளத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறுவனங்களுக்கு ஓர் அட்டவணை, முதலீட்டு அமைப்புகளுக்கு ஓர் அட்டவணை, நபர்களுக்கு ஓர் அட்டவணை, நடந்த முதலீடுகளுக்கு ஓர் அட்டவணை. நபர்களைத் தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவரே இன்னொன்றில் பணம் போட்டிருப்பார். மூன்றாவதற்கு ஆலோசகராக இருப்பார். அவரை நிறுவனத்துக்குள்ளேயே அடைத்து வைத்தால் ஒரே ஆள் மூன்று பெயர்களில் உலாவத் தொடங்கிவிடுவார்.

மாநில எல்லை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

இந்த வட்டாரத்துக்கென்று டைரக்டரி செய்பவர் இதில்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் இன்றும் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். அங்கிருந்து பொள்ளாச்சிக்குப் போவதும் கோவைக்குப் போவதும் அன்றாடம் நடப்பது. கொழிஞ்சாம்பாறையில் தென்னை நார்க்கழிவில் நாற்றுக் கட்டி செய்யும் ஒருவருக்குப் பணம் போடக்கூடியவர் கோவையில் இருக்கலாம். கஞ்சிக்கோட்டில் தொழிற்பேட்டையும் ஐஐடி பாலக்காடும் இருப்பதால் அவருடைய எந்திரத்தைச் சீராக்கித் தரும் பொறியாளர் அங்கே கிடைக்கலாம். ‘மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற முதல் பெட்டியிலேயே இவர்களைப் பிரித்துவிடும் டைரக்டரியால் இங்கே யாருக்கும் பிரயோஜனமில்லை.

அதற்காக மாநிலத்தை அடியோடு விட்டுவிடவும் முடியாது. கேரள அரசின் புத்தொழில் அமைப்பான கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் நிதி உதவிகளுக்குக் கேரளத்தில் பதிவான நிறுவனம் தேவை. தமிழ்நாடு அரசின் அத்தகைய அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் தரும் விதை நிதிக்குத் தமிழ்நாட்டுப் பதிவு தேவை. ஏஞ்சல் முதலீட்டாளரோ, தான் காரில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்ப முடியுமா என்றுதான் பார்ப்பார். ஆகவே இடத்தை இரண்டாகக் கேட்க வேண்டும்: பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில், தொழில் உண்மையில் நடப்பது எந்த ஊரில். முதல் விவரம் அரசுத் திட்டங்களுக்கு. இரண்டாவது, ‘வாளையாரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்’ என்பது போன்ற தேடலுக்கு. தொழில் நடக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேமித்துவிட்டால் தூரத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். மாநில எல்லைச் சோதனைச்சாவடி எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனி என்றால் பதிவு மாநிலத்தைத் தனியாகக் கேட்கக்கூட வேண்டாம். இந்தியக் கம்பெனிகளுக்குத் தரப்படும் 21 எழுத்துகள் கொண்ட அடையாள எண்ணிலேயே அது இருக்கிறது. முதல் எழுத்து பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்லும்; அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை; அதன்பின் இரண்டு எழுத்துகள் மாநிலம்; பிறகு பதிவான ஆண்டு, நிறுவன வகை, கடைசியில் ஆறு இலக்கப் பதிவு எண். கேரளத்துக்குக் ‘கே, எல்’ என்ற எழுத்துகள். தமிழ்நாட்டுக்கு வரும்போதுதான் சிக்கல். சென்னைப் பதிவாளரிடம் பதிவானவற்றில் ‘டி, என்’ என்று இருக்கும். கோவைப் பதிவாளரின் கீழ் வருபவற்றில் ‘டி, இசட்’ என்று இருக்கும். இதை அறியாமல் எழுதிய நிரலில் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் நிறுவனங்கள் எல்லாம் மாநிலமே இல்லாதவையாகிவிடும். ஜிஎஸ்டி எண்ணில் இந்தத் தொல்லை இல்லை. 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். ஆனால் ஒரே நிறுவனம் இரண்டு மாநிலங்களிலும் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கலாம் என்பதால் அதைப் பதிவு அலுவலகத்துக்குச் சான்றாக எடுக்கக் கூடாது.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. சித்தூர் என்று தட்டினால் பாலக்காட்டுச் சித்தூரும் வரும், ஆந்திரத்துச் சித்தூரும் வரும். முன்னதன் அஞ்சல் குறியீடு 678101, பின்னது 517001. ஊர்ப் பெயரோடு அஞ்சல் குறியீட்டையும் கட்டாயமாக்கினால் இந்தக் குழப்பம் தீரும். கொழிஞ்சாம்பாறையை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மலையாளத்தில் தட்டுபவர்களும் இருப்பார்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒத்துப்போனால்தான் விடை தரும் தேடல் இங்கே உதவாது. ஒவ்வொரு ஊருக்கும் வழக்கில் உள்ள எழுத்து வடிவங்களைச் சேர்த்து ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொண்டால் பெரும்பாலான தேடல்களுக்கு அதுவே போதும்.

எது உண்மை, எப்போது வரை

சரிபார்க்கக் கூடியதைச் சரிபார்த்துவிட வேண்டும். நிறுவனம் இருக்கிறதா, அதன் இயக்குநர்கள் யார் என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். நிதி என்று சொல்லிக்கொள்பவர் செபியில் பதிவு செய்தவரா என்பதற்குச் செபியின் தளத்திலேயே பட்டியல் இருக்கிறது. தனிநபர் முதலீட்டாளருக்கு அப்படிப் பட்டியல் கிடையாது. முன்பு பணம் போட்ட நிறுவனங்களின் பெயரைக் கேட்டு, அந்த நிறுவனங்களிடம் உறுதிசெய்துகொள்வதுதான் வழி.

இது ஏன் முக்கியம் என்றால், தொழில் தொடங்கியவர்களைக் குறிவைத்து ஏமாற்றுபவர்கள் முதலீட்டாளர் வேடத்தில்தான் வருகிறார்கள். ஒரு கோடி தயாராக இருக்கிறது, ஆவணச் செலவுக்கு முதலில் 50,000 ரூபாய் அனுப்புங்கள் என்பார்கள். பணம் போட வருபவர் உங்களிடம் முன்பணம் கேட்கமாட்டார். முதலீட்டாளர் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் இந்த எச்சரிக்கை இருக்க வேண்டும். முன்பணம் கேட்டார் என்று புகார் செய்ய ஒரு பொத்தானும் அருகிலேயே இருக்க வேண்டும்.

விவரம் ஒருமுறை உண்மையாக இருந்தால் போதாது. நிதி ஒன்று தன் பணத்தையெல்லாம் முதலீடு செய்து முடித்திருக்கும். பெயர் மட்டும் டைரக்டரியில் நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு விவரத்தின் பக்கத்திலும் கடைசியாக எப்போது உறுதிசெய்யப்பட்டது என்று தேதி போடுங்கள். ஆறு மாதமாக உறுதிசெய்யப்படாத பக்கம் தேடலில் தானாகவே கீழே போகட்டும். சட்டம் மாறும்போது கேள்விகளும் மாறும். புத்தொழில் நிறுவனங்கள் பங்குக்கு அதன் நியாயமான மதிப்பைவிடக் கூடுதலாகப் பெறும் விலையை வருமானமாகக் கருதிய, ஏஞ்சல் வரி என்று பெயர்பெற்ற ஏற்பாடு 2012-இல் வந்தது. அதிலிருந்து விலக்குப் பெற அரசு அங்கீகாரம் தேவைப்பட்டதால் முதலீட்டாளர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த வரியே நீக்கப்பட்டுவிட்டது. அங்கீகாரத்துக்கு வேறு பயன்கள் உண்டு. ஆனால் இந்தக் காரணத்துக்காக மட்டும் அதைக் கட்டாயமாக்கி வைத்திருந்த படிவம் திருத்தப்பட வேண்டியது.

தொடர்பு எண்களைப் பொதுவெளியில் போடாதீர்கள். போட்ட மறுவாரமே அந்த முதலீட்டாளருக்குச் சம்பந்தமில்லாத அழைப்புகள் குவியும், அடுத்த வாரம் அவர் பெயரை எடுக்கச் சொல்வார். இரு பக்கச் சம்மதம்தான் நல்ல முறை: நிறுவனம் அறிமுகம் கேட்கும், முதலீட்டாளர் நான்கு வரிச் சுருக்கத்தைப் படித்துச் சரி என்பார், அதன்பிறகே இருவரின் எண்களும் ஒருவருக்கொருவர் தெரியும். 2023-இல் இயற்றப்பட்ட எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளும் சம்மதம், பயன்படுத்தும் நோக்கம், கேட்டால் அழித்தல் ஆகியவற்றைத்தான் வலியுறுத்துகின்றன.

டைரக்டரி எங்கே நிற்க வேண்டும்

கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்று உண்டு. அறிமுகம்தான் செய்துவைக்கிறோமே, பங்கையும் இங்கேயே விற்றுவிட்டால் என்ன? இங்கே கை வைக்கும் முன் கம்பெனி வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தன் பங்கை வாங்கப் பொதுமக்களை அழைக்கக் கூடாது என்பது அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும் பங்கு ஒதுக்குவதை அனுமதிக்கிறது. ஒரு நிதியாண்டில் பொதுவாக 200 பேருக்கு மேல் அந்த அழைப்பு போகக் கூடாது; விளம்பரமோ ஊடகமோ பயன்படுத்தி அதை அறிவிக்கவும் கூடாது. பதிவு பெறாத இணையத் தளங்கள் வழியாக நிதி திரட்டுவதைப் பற்றிச் செபி 2016 ஆகஸ்டிலேயே முதலீட்டாளர்களை எச்சரித்திருக்கிறது.

இந்தச் சட்டம் பக்க வடிவமைப்பையே தீர்மானிக்கிறது. எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் நிறுவனம் என்ன செய்கிறது, எங்கே இருக்கிறது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவை மட்டும். எவ்வளவு பணம், எந்த மதிப்பில், எத்தனை சதவீதம் என்பவை பொதுப் பக்கத்தில் வரவே கூடாது. சரிபார்க்கப்பட்ட முதலீட்டாளருக்குக் காட்டலாமா, எப்படிக் காட்டுவது என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். ‘இப்போதே முதலீடு செய்யுங்கள்’ என்று பொத்தான் கிடையாது. பணம் டைரக்டரியின் கணக்கு வழியாகப் போகக் கூடாது. திரட்டிய தொகையில் கமிஷன் எடுப்பதும் இதே வகைக் கேள்விகளைக் கிளப்பும் என்பதால், ஆண்டுச் சந்தாவோ, புதுத் தொழில்களை வளர்த்துவிடும் ஓர் இன்குபேட்டரின் ஆதரவோ பாதுகாப்பான வருமானம். பணம் கொடுத்தவரைத் தேடலில் மேலே காட்டும் யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஒத்துவராதவரை மேலே காட்டினால் டைரக்டரி எதற்கு?

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது

நிறுவனங்கள் இல்லாமல் முதலீட்டாளர் வரமாட்டார். முதலீட்டாளர் இல்லாமல் நிறுவனங்கள் வராது. 2010-இல் நவால் ரவிகாந்தும் பாபக் நிவியும் தொடங்கிய ஏஞ்சல்லிஸ்ட், முதலில் முதலீட்டாளர்களின் ஒரு பட்டியலாகத்தான் இருந்தது. நல்ல நிறுவனங்களின் விவரம் அவர்களுக்கு மின்னஞ்சலில் போகும். பெரிய தளமாக வளர்ந்தது பிறகு. எல்லையோரத்திலும் அதே வரிசை பொருந்தும் என்று நினைக்கிறேன். கோவை, பொள்ளாச்சி, பாலக்காட்டில் நேரில் பார்த்துப் பேசிய இருபது முதலீட்டாளர்களின் விவரத்தை ஒரு விரிதாளில் எழுதுங்கள். தென்னை சார்ந்த தொழில், வேளாண் எந்திரம் என ஏதாவது ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் உள்ள நிறுவனங்களைக் கையாலேயே பொருத்திப் பாருங்கள். நிரல் எழுதுவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கையால் செய்யும் இந்தக் காலத்தில் ஒரு வேலையைத் தவறவிடாதீர்கள். அறிமுகத்தை மறுக்கும் முதலீட்டாளரிடம் காரணத்தை ஒரு வரியில் கேட்டு வாங்குங்கள். ‘இன்னும் விற்பனை தொடங்கவில்லை’, ‘ஒருவரே எல்லாம் பார்க்கிறார், கூட்டாளி இல்லை’, ‘என் தொழிலுக்கே போட்டியாக வருகிறது’ என்று பதில்கள் வரும். அவற்றை வகைப்படுத்தி எண்ணுங்கள். திரும்பத் திரும்ப வரும் காரணத்துக்குப் படிவத்தில் கேள்வி இல்லை என்றால் அதைச் சேர்த்துவிடுங்கள். ஒருவர்கூடக் காரணமாகச் சொல்லாத விவரம் படிவத்தில் இருந்தால், அதை எடுத்துவிட்டு அடுத்த பத்து அறிமுகங்களைச் செய்துபாருங்கள்.